தலையாட்டி என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத ஒரு வகுப்பிலிருந்து

இலங்கைப் பாடசாலைகளுக்கான தமிழ், சிங்கள இலக்கியப் பாடவிதானங்களை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் வவுனியா மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. 32 ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறவிருக்கிறேன். போவதற்கு முன் உங்களிடம் கேட்டுவிட வேண்டியது ஒன்றுண்டு. அதைத் தனிப்பட்ட கடிதமாக எழுதாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இது என் வகுப்பறைக்கு மட்டும் உரிய குறை அல்ல என்பதே.

சென்ற தவணையில் ஒருநாள், பாடநூலை மூடிவைத்துவிட்டு, எங்கள் போரைப் பற்றிய நாவலொன்றிலிருந்து நான்கு பக்கங்களை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கதையின் காலம் 1988. ஊர் சுற்றிவளைக்கப்படுகிறது. ஆண்கள் எல்லோரும் பாடசாலை மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக ஒரு ஜீப்பின் முன்னால் நடத்தப்படுகிறார்கள். ஜீப்புக்குள் தலையாட்டி இருக்கிறான். இந்த வரியை நான் வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. திருவிழாக் கடையில் விற்கும் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வகுப்பிலிருந்த 26 பேரில் மூத்தவருக்கே, போர் முடிந்த 2009 மே மாதத்தில் ஒரு வயதுதான் இருந்திருக்கும். முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் துளைவிட்டு, பிடிபட்ட ஒருவனையே ஊராருக்கு முன்னால் இருத்தி, அவன் தலை அசைந்தால் ஒருவருடைய வாழ்க்கை முடிந்துவிடும் என்றிருந்த ஒரு காலத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குள்ளிருந்த ஆள் போய்விட்டான்.

அன்று மாலை, தென்பகுதியில் சிங்கள இலக்கியம் கற்பிக்கும் ஒரு நண்பியுடன் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தங்கள் ஊரில் 1987 முதல் 1989 வரையான காலத்தில் இதே வேலையைச் செய்தவனுக்குக் 'கோணி பில்லா' என்று பெயர் என்றார். கோணி என்றால் அங்கும் சாக்குத்தான். கோணி பில்லா என்பது, சாப்பிட மறுக்கும் குழந்தைகளை வெருட்டத் தாய்மார் சொல்லும் பூச்சாண்டியின் பெயர். மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியை அரசு அடக்கிய அந்த ஆண்டுகளில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து இளைஞர்களை அடையாளம் காட்டியவனுக்கு மக்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே ஆண்டுகள், ஒரே செயல். தமிழர் அதற்கு வைத்த பெயர் குழந்தையின் பொம்மைக்கும் உரியது. சிங்களவர் வைத்த பெயர் குழந்தையின் பயத்துக்கு உரியது. 32 ஆண்டுகள் மொழி கற்பித்த எனக்கு அவர்களுடைய சொல் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு எங்களுடையது தெரிந்திருக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களை இரு மொழி இலக்கிய வகுப்புகளுக்கும் பாடநூலாக்குங்கள்; தமிழ் வகுப்பில் சிங்களத்திலிருந்து பெயர்த்த நாவலொன்றும், சிங்கள வகுப்பில் தமிழிலிருந்து பெயர்த்த நாவலொன்றும் கட்டாயம் இடம்பெறட்டும். அவற்றின் பேச்சு வழக்கையும் போர்க்காலச் சொற்களையும் திருத்திச் சுத்தம் செய்யாமல், எழுதியவர் எழுதியபடியே அச்சிடுங்கள்.

வரலாற்றுப் பாடம் இருக்கிறதே, அதில் இவற்றைச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் போர் துப்பாக்கியில் தொடங்கவில்லை, எழுத்தில் தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழுக்கு இடமளித்துப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 யூலை 26இல் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் ஓர் ஆண்டு முடியுமுன்பே கிழித்தெறியப்பட்டது. வாகன இலக்கத் தகட்டில் சிங்களச் 'சிறீ' எழுத்தைப் பொறிக்க வேண்டுமென்ற உத்தரவுக்கு எதிராக வடக்கில் அதை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசினார்கள். 1958இல் கலவரம் வந்தது. இவ்வளவையும் ஒரு வரலாற்று நூல் ஒரு பக்கத்தில் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சட்டம் ஒரு மனிதனுடைய நாக்கில் என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்தால் சொல்ல முடியாது. அது அந்தப் பக்கத்தின் வேலையும் அல்ல.

என் தந்தை அரசாங்க எழுதுவினைஞர். தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட காலம் அது. அந்த விதியை எதிர்த்துச் செ. கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்றதைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். என் தந்தைக்கு வழக்காடும் துணிவும் வசதியும் இல்லை. குடும்பம் இருந்தது. ஆதலால் நடுவயதில் சிங்கள அரிச்சுவடியான 'ஹோடி பொத்த'வை வாங்கிவந்து, மாலையில் மேசை விளக்கின் கீழ் உயிரெழுத்திலிருந்து எழுதிப் பழகினார். பரீட்சையில் சித்தியும் பெற்றார். இதில் நான் இன்றுவரை விளங்கிக்கொள்ள முயலும் ஒன்றுண்டு: கட்டாயத்தால் கற்ற அந்த மொழியை அவர் பின்னர் நேசித்தார். சாகும்வரை சிங்கள நாவல்களை வாசித்தார். அவமானமாகத் தொடங்கியது எப்படி அன்பாகியது, அந்த அன்புக்குள் அவமானம் எங்கே தங்கியிருந்தது என்பதற்கு விடை சொல்லும் சட்டப் புத்தகமோ வரலாற்றுப் புத்தகமோ எனக்குக் கிடைக்கவில்லை.

1983 யூலையில் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். எனக்கு 16 வயது. திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்திக்குப் பின் கொழும்பில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சிங்கள அயலவர் ஒருவர் எங்களைத் தம் வீட்டுப் பின்னறையில் வைத்துக் காத்தார். தெருவில் வாகனங்களை மறித்து, உள்ளே இருப்பவர் தமிழரா என்று அறிவதற்கு ஒரு வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார்கள் என்ற செய்தி அந்த அறைக்குள்ளும் வந்தது. 1958இலும் இதையே கேட்டார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சிங்களத்தில் வாளிக்கு 'பால்திய' என்பார்கள். முதலெழுத்தை இதழ்களைச் சேர்த்துத் தொண்டை அதிரச் சொன்னால் நீங்கள் சிங்களவர். அது 'வால்திய' என்று வந்துவிட்டால் தமிழர். இந்த மடலில்கூட அந்த ஒலியை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் 'பால்திய' என்றுதான் எழுதலாம். எந்தப் 'ப' என்பதை எங்கள் எழுத்து சொல்லாது. பரீட்சையில் சித்தியடைந்த, சிங்களத்தில் கோவைக் குறிப்பு எழுதுகிற என் தந்தை, அன்றிரவு முழுவதும் அந்த வீட்டு வாளியை முன்னால் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். விடிவதற்குள் அது அவருக்குச் சரியாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்துக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, அகராதியொன்றைப் புரட்டியபோது, 'பால்திய' சிங்களச் சொல்லே அல்ல, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'பால்தே' என்ற சொல் என்று அறிந்தேன். இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு சொல்லைக் கொண்டு ஒருவர் மற்றவரைச் சோதித்திருக்கிறார். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் யோர்தான் துறையில் கேட்கப்பட்ட 'ஷிபோலேத்' முதல், 1937இல் டொமினிக்கன் குடியரசில் எயிட்டி நாட்டவரிடம் கேட்கப்பட்டதாகச் சொல்லப்படும் கொத்தமல்லி போன்ற ஒரு கீரையின் பெயர்வரை, உச்சரிப்பைக் கொண்டு ஆளைப் பிரித்த கதை உலகில் புதிதல்ல. அவற்றை நாம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் கதை சொன்னவர்களால்தான். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையைப் பதிவேடு வைத்திருக்கும். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு மனிதன் தன் நாக்கையே அந்நியமாக உணர்ந்த அந்த நொடியைப் புனைவைத் தவிர வேறெந்த எழுத்துமுறை வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாவல் கற்பனை, கற்பனையைக் கொண்டு நடந்ததைக் கற்பிக்கலாமா என்று உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். போரைப் பற்றிய நாவல், ஆவணம் இல்லாத இடத்தை இட்டுக்கட்டி நிரப்பும் உரிமையைக் கோருவதில்லை. நல்ல நாவலாசிரியர் நாளையும் இடத்தையும் மாற்றுவதில்லை. அந்த நாளில் அந்த இடத்தில் நின்றிருக்கக்கூடிய ஒருவரின் மனத்தைத்தான் புனைகிறார். அந்த ஒருவர் நம் பக்கத்தவராக மட்டும் இருக்கமாட்டார் என்பதே அதன் பயன். விடுதலைப் புலிகள் பொதுமக்களைச் சுட்டுக்கொன்ற 1985 மே 14இல், அனுராதபுரத்துப் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த சிங்களப் பெண்ணின் மனத்துக்குள் என் தமிழ் மாணவி ஐந்து பக்கங்களாவது இருந்துவிட்டு வரவேண்டும். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழி வாசலில் நின்ற தாயின் மனத்துக்குள் தெற்கே மாத்தறை மாணவன் இருந்துவிட்டு வரவேண்டும். வரலாற்றுப் பாடம் இவ்விரு சம்பவங்களையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினாலும், பிள்ளைகள் தங்கள் வரியை மட்டுமே அடிக்கோடிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மொழியும் அடையாளமும் ஒன்றே என்ற எண்ணத்தோடுதான் எங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். நாமும் அப்படியே வளர்ந்தோம். தமிழ் பேசுபவர் தமிழர், சிங்களம் பேசுபவர் சிங்களவர். போர் நடந்த மண்ணில் இந்தக் கணக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை என்பதை எனக்குக் கற்பித்தவை நாவல்களே. ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' நாவலின் சிறுவன் கொழும்புத் தமிழன். ஆனால் சிங்கள மொழி வகுப்பில் படிக்கிறவன். உன் இடம் தமிழ் வகுப்பு என்று சக மாணவன் அவனை மறிக்கும்போது, போகச் சொல்லும் இடத்தின் மொழி அவனுக்குத் தெரியாது. அவன் எந்த மொழியில் கனவு கண்டாலும் 1983 அவனைத் தேடி வீட்டுக்கே வருகிறது. இந்த நாவலை வாசித்தபோது என் வகுப்பிலிருந்த ஒரு மாணவன், சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்தவன், முதன்முறையாகக் கை உயர்த்தினான்.

இதைவிடக் கடினமானது ஒன்றுண்டு. தமிழாசிரியை என்ற முறையில் அதைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மிகப் பலர் புத்தளத்துக்குப் போனார்கள். அந்த அறிவிப்பு எந்த மொழியில் செய்யப்பட்டது? தமிழில். கேட்டவர்களின் தாய்மொழி எது? தமிழ். தமிழ் மொழியின் பெயரால் நடந்த ஒரு போராட்டம், வீட்டில் தமிழ் பேசி, பள்ளிவாசலில் தமிழில் குத்பாப் பிரசங்கம் கேட்டு, தமிழில் அழுத மக்களை, நீங்கள் எங்களவர் அல்லர் என்று சொல்லி அனுப்பியது. மொழி ஒன்றாயிருந்தும் அடையாளம் வேறாக்கப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி என் மாணவர்களிடம் பேச ஒவ்வொரு ஆண்டும் வாயெடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவருடைய வீட்டார் மறுநாள் வந்து கேட்பார்களோ என்று தயங்குகிறேன். முஸ்லிம் எழுத்தாளர்கள் இதை நாவலாகவும் சிறுகதையாகவும் எழுதியிருக்கிறார்கள். கிழக்கிலங்கை நாவல்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் ஒரே வட்டார வழக்கில் பேரம் பேசுகிற காட்சிகள் வருகின்றன. அந்த வழக்கு எங்கள் வவுனியாப் பிள்ளைகளுக்கே புதிது. அப்படியொரு நாவல் பாடநூலாக என் மேசையில் இருந்தால், நான் என் கருத்தைச் சொல்வதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. பக்கத்தைத் திறந்து, வாசியுங்கள் என்று சொன்னால் போதும்.

மலையகத் தமிழரின் கதையும் இவ்வாறே தனித்து வாசிக்கப்பட வேண்டியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் எண்களாகப் பங்கிடப்பட்டு, 1977இன் வன்செயலுக்குப் பின் பாதுகாப்புத் தேடி வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல, கடைசிப் போருக்குள்ளும் அகப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் பேசும் தமிழை வகுப்பில் பேச வெட்கப்படுகிறார்கள். யாழ்ப்பாண வழக்கே ஈழத் தமிழ் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

போரின்போது மொழியை ஆண்டது ஓர் அரசு மட்டுமல்ல. வன்னியில் விடுதலைப் புலிகளின் நிருவாகம் இருந்த ஆண்டுகளில் பேக்கரி 'வெதுப்பகம்' ஆயிற்று. ஐஸ்கிரீம் 'குளிர்களி' ஆயிற்று. தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு அது இனித்தது, மறைக்க மாட்டேன். அதே காலத்தில் 'துரோகி' என்ற சொல் ஒருவருடைய பெயருக்கு முன்னால் வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. இயக்கத்தில் சேர்ந்த பிள்ளைக்கு வேறு பெயர் வைத்தார்கள். தாய்க்கு மகனின் இயக்கப் பெயர் அவன் இறந்தபின் சுவரொட்டியில்தான் தெரியவந்தது என்பது எங்கள் ஊர்களில் அரிதான செய்தியல்ல. இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு பிள்ளை யாராக இருந்தான் என்பது நாவலுக்குரிய கேள்வி. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி அந்தஸ்துக் கோரும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. முன்பு இயக்கத்தில் இருந்த ஒருவன், தன் வாழ்க்கையை அந்நிய அதிகாரி ஒருவர் நம்பக்கூடிய மொழியில், பந்தி எண் இட்டு, எழுதியாக வேண்டியிருக்கிறது. விண்ணப்பத்தின் மொழியையும் அவனுடைய தீவுப்பகுதிப் பேச்சையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒரு மாணவிக்கு, அடையாளம் என்பது பிறப்பால் வந்ததா, படிவத்தால் வந்ததா என்று நான் தனியே விளக்கவேண்டியதில்லை.

உத்தியோகபூர்வச் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 சனவரியில் அறிவிக்கப்பட்ட பரப்பின் பெயர் 'பாதுகாப்பு வலயம்'. அங்கே ஷெல் விழுந்தது. போர் முடிந்தபின் 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்ட இடங்களின் பெயர் 'நலன்புரி நிலையம்'. அவற்றுள் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் என் மாவட்டத்தில்தான் இருந்தது, 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை. இப்போது அவ்வழியே பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு அது வெறும் வெளி. நாளை அரச ஆவணங்களை மட்டும் வாசித்து ஆய்வு செய்யப் போகும் மாணவன், பாதுகாப்பு வலயத்தில் மக்கள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்றும், நலன்புரி நிலையத்தில் நலன் புரியப்பட்டது என்றும் எழுதினால், அவனை நான் எப்படிக் குறைசொல்வேன்? அந்தச் சொற்களை உள்ளிருந்து அனுபவித்தவர்களின் வாயில் வைத்துப் பார்த்த நாவல்கள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் 'பங்கர்' என்கிறார்கள், 'கிபிர்' என்கிறார்கள், 'பாஸ்' என்கிறார்கள், 'தடுப்பு' என்கிறார்கள். இவற்றை வட்டார வழக்கு என்றும் பிறமொழிக் கலப்பு என்றும் திருத்தி, பதுங்குகுழி, போர்விமானம், பயண அனுமதி என்று அச்சிட்டீர்களாயின், தயவுசெய்து அந்த நாவலைப் பாடநூலாக்காமலே விட்டுவிடுங்கள்.

ஒரு சொல்லின் இலக்கணத்தை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் இலக்கணம் கற்பிப்பவள். நாடாளுமன்றம் 2016இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்துக்குத் தமிழில் 'காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்று பெயர். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் இருக்கும் தாய்மார் தங்கள் பதாகையில் எழுதியிருப்பது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. 'போன' தன்வினை, 'ஆக்கப்பட்ட' செயப்பாட்டுவினை. முதல் தொடரில் செய்தவர் யாருமில்லை, பிள்ளை தானாகவே போய்விட்டான். இரண்டாவதில் செய்தவருடைய பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அந்த வெற்றிடம் வாக்கியத்தில் தெரிகிறது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட கிராமத்துத் தாய்மார் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வினைச்சொல்லை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். தன்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இதைவிடச் சிறந்த உதாரணத்தை என் பாடக் குறிப்பில் நான் கண்டதில்லை. தெற்கிலும் 1990இல் அன்னையர் முன்னணி அமைத்துத் தெருவுக்கு வந்த சிங்களத் தாய்மார் இருந்தார்கள். 'பீஷண சமய' என்று அவர்கள் அழைக்கும் பயங்கரக் காலத்தில் பறிகொடுத்த பிள்ளைகளைத் தேடினார்கள். அவர்களைப் பற்றிய சிங்களப் புனைவு எதையும் என் மாணவிகள் தமிழில் வாசித்ததில்லை. வாசித்திருந்தால், கொட்டகைக்கு முன்னால் பஸ் நிற்கும்போது அவர்களுடைய பார்வை வேறாக இருந்திருக்கும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படலாம். எங்கள் போரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்கள் உலகப் பரிசுகளைப் பெறுகின்றன. செஹான் கருணாதிலகவின் நாவலுக்கு 2022இல் புக்கர் பரிசு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அரசியலமைப்பு 'இணைப்பு மொழி' என்று சொல்லும் அந்த ஆங்கிலம் என் வகுப்பையும் என் நண்பியின் வகுப்பையும் இணைக்கவில்லை. எங்கள் இருவருடைய மாணவர்களுக்கும் அது சமமாகத் தூரம். தமிழிலிருந்து நேரே சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து நேரே தமிழுக்கும் பெயர்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், வாசகரும் இருக்கிறார்கள். முன்னாள் போராளி தமிழினியின் தன்வரலாறு 2016இல் வெளிவந்து சிங்களத்தில் பெயர்க்கப்பட்டபோது, அதைத் தேடி வாங்கியவர்கள் சிங்கள வாசகர்களே. தனிமனிதர்கள் தம் செலவில் செய்துவருகிற இந்த வேலையை, பாடநூல் என்ற ஒரே அறிவிப்பால் நீங்கள் நிலைபெறச் செய்யலாம்.

பரீட்சையைப் பற்றி எனக்கு அச்சம் உண்டு. போர் நாவலொன்றைப் பாடநூலாக்கி, பிறகு 'யார் யாருக்கு எச்சந்தர்ப்பத்தில் கூறியது' என்று கேட்டால், மூன்றே ஆண்டுகளில் அதற்கும் சந்தைக் குறிப்புப் புத்தகம் வந்துவிடும். பிள்ளைகள் மரணத்தை மனப்பாடம் செய்வார்கள். அந்த ஒரு நூலுக்காவது எழுத்துப் பரீட்சையை விடுத்து, வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் நாவலில் வரும் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டு எழுதிவரும் ஒப்படையாக வையுங்கள். நூலின் பின்னால் அருஞ்சொற்பொருள் சேர்க்க வேண்டாம் என்று நான் கேட்பதும் இதற்காகவே. பொருள் அச்சிலிருந்தால் பிள்ளை அம்மம்மாவிடம் போகமாட்டாள்.

பழைய புண்ணைக் கிளறுவதா என்பது இறுதியாக வரும் மறுப்பு. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வகுப்பில் தகப்பனைத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உடலில் இரும்புத் துண்டோடு வாழும் தாயின் மகள் இருக்கிறாள். இராணுவத்தினரின் பிள்ளைகள் படிக்கும் வகுப்புகள் தெற்கில் இருக்கின்றன. இப்படியான நூலைக் கற்பிப்பதற்கு ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பேச விரும்பாத மாணவர் மௌனமாக இருக்கவும், வெளியே போகவும், வேறு நூலைத் தெரிவு செய்யவும் விதியில் இடம் வேண்டும். ஆனால் நாம் பேசாமலிருப்பதால் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் போர் பேசப்படாமல் இருப்பதில்லை. ஒரு வீட்டில் ஒரு பக்கத்துக் கதையாக, அடுத்த வீட்டில் மறுபக்கத்துக் கதையாக, இடையில் யாரும் கேள்வி கேட்காத முறையில் அது சொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது கைபேசிக் காணொளிகளும் சேர்ந்துகொண்டன. நாவல் ஒன்றுதான், கேள்வியோடு உள்ளே போய்க் கேள்வியோடு வெளியே வரக்கூடிய இடமாக என் அனுபவத்தில் இருந்திருக்கிறது.

இம்மடலுடன் நான் வகுப்பில் வாசித்த நான்கு பக்கங்களின் பிரதியையும், என் நண்பி தந்த, கோணி பில்லா வரும் சிங்களக் கதைப் பகுதியொன்றையும், அதற்கு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த தமிழாக்கத்தையும் இணைத்துள்ளேன். தமிழாக்கத்தில் பிழை இருக்கலாம், திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் தலையாட்டியையும் எதிர்ப்பக்கத்தில் கோணி பில்லாவையும் அச்சிட முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

அந்த வகுப்புக்குப் பின் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு என் மாணவர்கள் தயாரித்த சொற்பட்டியலும் இணைப்பில் இருக்கிறது. அன்று பின்வரிசையில் சிரித்தவர்களுள் ஒரு மாணவி, 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அவள் கேட்டதும் அம்மம்மா பதில் சொல்லவில்லையாம். எழுந்துபோய் அடுப்பை நூர்த்துவிட்டு வந்து, திண்ணையில் இருந்து, இருட்டும்வரை கதைத்தாராம். அம்மம்மா சொன்னதை மாணவியின் தாய்கூட அன்றுதான் முதன்முறை கேட்டாராம்.

இங்ஙனம்,
உயர்தரத் தமிழ் ஆசிரியை ஒருவர்,
வவுனியா மாவட்டம்.